இடது முன்சக்கரம்

மார்ச் 9, ஞாயிறு

கால் வலின்னு போனா முதுகைத் தட்டிப் பாக்குற டாக்டரை என் ஆயுசுல இன்னிக்குத்தான் பாத்தேன். கடைத்தெருவுல புதுசா வந்திருக்கிற டாக்டரம்மா. இடுப்புக்குக் கீழே உக்கார்ற இடத்துல ஆரம்பிச்சு, இடது தொடை பின்பக்கமா இறங்கி, கெண்டைக்கால் வழியா கட்டைவிரல் வரைக்கும் கரண்டு அடிக்கிற மாதிரி சுரீர்னு இழுக்குதுன்னு சொன்னேன். மல்லாக்கப் படுக்கச் சொல்லி, முட்டி மடங்காம காலைத் தூக்குனாங்க. பாதி தூக்குறதுக்குள்ள கத்திட்டேன். வெளியில உக்காந்திருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாங்க. மானம் போச்சு.

"முதுகுல வலி இருக்கா?"

"ஒரு பொட்டு கூட இல்ல. மூட்டை சுமந்து உரமேறின முதுகும்மா இது."

"கோளாறு அங்கதான் இருக்கு. முதுகெலும்புக்கு நடுவுல இருக்கிற சவ்வு பிதுங்கி, காலுக்குப் போற நரம்பை அழுத்துது. வலி கால்ல தெரியும், காரணம் இடுப்புல இருக்கும். மேல மதகை அடைச்சா கடைமடை வயல்தானே காயும்?"

பேச்சு நல்லாத்தான் இருக்கு. தஞ்சாவூர் போய் ஸ்கேன் எடுக்கணுமாம், மூட்டை தூக்கக் கூடாதாம். அரிசி மண்டிக்காரன்கிட்ட வந்து மூட்டை தூக்காதேன்னா நான் என்ன பூ கட்டுறதா? அதோட, வலி எப்ப வருது, எங்க வருது, எப்படி வருதுன்னு தினம் எழுதிட்டு வரணுமாம். உரக்கடைக்காரர் பொங்கலுக்குக் கொடுத்த டைரி சும்மாத்தான் கிடக்குது. எழுதித் தொலைக்கிறேன்.

இன்னிக்கு வலி: இடது கால், மேலேர்ந்து கீழ வரைக்கும். எப்ப? எப்பவும்தான்.

கிளம்பும்போது டாக்டரம்மா வாசல் வரைக்கும் வந்து இன்னொன்னு சொன்னாங்க. பாதம் தொங்குனாலோ, உக்கார்ற இடம் மரத்துப் போனாலோ, ஒன்னுக்குப் போறது அடைச்சாலோ, யாரையும் கேக்காம அன்னிக்கே தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடிடணுமாம். இதை என் பொண்டாட்டி மங்கைகிட்ட சொல்லல. சொன்னா இந்த வருஷம் தேர்ல கை வைக்க விடமாட்டா. "தைலம் தேய்க்கச் சொன்னாங்க"ன்னேன்.

மார்ச் 12, புதன்

மழைக்கு முன்னாடி லோடு இறக்கணும்னு நானும் ஆளுங்களோட சேந்து மூட்டை தூக்கினேன். ஒன்னும் ஆகல. சாயங்காலம் ஒரு தும்மல் போட்டேன் பாருங்க, வலி கட்டைவிரல் வரைக்கும் போயிட்டு வந்துச்சு. மூக்குக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு வெளங்கல.

மங்கை தைலம் போட்டுக் கெண்டைக்காலை உருவி விட்டா. உருவ உருவ சுகமாத்தான் இருந்துச்சு. கோளாறு கால்லதான்னு இதுலேர்ந்தே தெரியலையா?

மார்ச் 16, ஞாயிறு

எங்க ஊர்த் தேரைப் பத்தி டாக்டரம்மாவுக்குத் தெரியாது, வெளியூர்ப் பொண்ணு. தேரை இழுக்கிறது ஊரே இழுக்கும். நிறுத்துறதும் திருப்புறதும் முட்டுக்கட்டை போடுற நாலு பேர் கையில இருக்கு. உருண்டு வர்ற சக்கரத்துக்கு முன்னாடி குனிஞ்சு கட்டையைச் செருகிட்டு, அது கடிக்கிறதுக்குள்ள காலைப் பின்னால எடுக்கணும். கட்டை போடுறவன் இடுப்புல ஒரு துண்டு கட்டி, அதோட முனையை இன்னொருத்தன் மணிக்கட்டுல சுத்திப் பின்னாடி நிப்பான். கட்டை விழுந்ததும் அவன் இழுத்துடுவான். இடது முன்சக்கரம் எங்க குடும்பத்தோடது. எனக்குத் துண்டு பிடிக்கிறவன் மங்கையோட தம்பி திருஞானம். போன தையிலதான் அவனுக்குக் கல்யாணம் ஆச்சு.

ஒரு வருஷம் விட்டுக்கொடுத்தா அடுத்த வருஷம் கட்டையைத் தொட விடமாட்டாங்க. எங்க சித்தப்பா மகன் வாயைத் திறந்துக்கிட்டுக் காத்துக்கிட்டு இருக்கான்.

இன்னிக்கு வாசல் கோலத்துல குறுக்க ஒரு இழுப்பு. பக்கத்து வீட்டு ஆடு வேலைதான். சத்தம் போட்டுட்டு வந்தேன். அவங்க ஆடு கட்டியே இருக்குன்னு சாதிக்கிறாங்க.

மார்ச் 19, புதன்

வலி பாதியாக் குறைஞ்சிடுச்சு. ஸ்கேனாம் ஸ்கேன்!

மார்ச் 23, ஞாயிறு

கோலத்துல மறுபடியும் அதே கோடு. வாசப்படியிலேர்ந்து தெரு வரைக்கும் ஒரே நீட்டா. மங்கை கோட்டைப் பாத்துட்டு என் காலைப் பாத்தா. ஆட்டைத் திட்டுவான்னு நெனச்சேன்.

கடைக்குப் போய் உக்காந்தப்புறம் ஒரு வாடிக்கைக்காரர், "என்ன மொதலாளி, ஒத்தக் கால்ல செருப்பு?"ன்னு சிரிச்சார். குனிஞ்சு பாத்தா இடது கால் வெறுங்கால். செருப்பு தேரடியிலயே கழண்டு கிடந்துச்சாம், யாரோ கொண்டாந்து கொடுத்தாங்க. பழைய செருப்பு, வார் தளந்து போச்சு. பின்னாடி வார் வச்சதா ஒன்னு புதுசு வாங்கிட்டேன்.

வலி: அனேகமா இல்ல.

மார்ச் 27, வியாழன்

இன்னிக்கு வீட்டுல ஒரே ரகளை.

கால் அசதிக்கு வெந்நீர்ல உப்புப் போட்டு வைக்கச் சொல்லியிருந்தேன். மங்கை அண்டாவை அடுப்புலேர்ந்து இறக்கி வச்சிட்டு, பச்சைத் தண்ணி எடுக்கக் கொல்லைக்குப் போனா. நான் இடது காலை உள்ள விட்டேன். வெதுவெதுன்னு இருந்துச்சு. இதைப் போயி வெந்நீருங்கிறாளேன்னு உக்காந்திருந்தேன். அவ திரும்பி வந்து பாத்துட்டு குடத்தைக் கீழ போட்டா. என் காலை வெளிய இழுத்தா. அண்டாவுல விரலை விட்டவ, "ஆ"ன்னு கையை உதறுனா.

"கொதிக்குதுங்க! உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது. தாங்கிக்கிட்டேன்."

புறங்கால் முழுக்கக் கொப்புளம். மஞ்சளும் எண்ணெயும் எடுத்துக்கிட்டு வந்து கீழ உக்காந்தா. கட்டைவிரலைக் கிள்ளினா.

"தெரியுதா?"

"தெரியுது."

"இங்க?"

"தெரியுதுடி. ஏன் நச்சரிக்கிற?"

"அங்க நான் இன்னும் கிள்ளவே இல்ல."

நான் எழுந்து போயிட்டேன். ராத்திரி அவ சாப்பிடல. டாக்டரம்மா நெஜமா என்ன சொன்னாங்கன்னு கேட்டா. தைலம்னேன். இன்னொரு தடவை கேட்டா. இன்னொரு தடவை தைலம்னேன்.

மார்ச் 30, ஞாயிறு

திருஞானம் வந்தான். அக்காவும் தம்பியும் கொல்லையில நின்னு குசுகுசுன்னு பேசினாங்க. வந்து என் முன்னாடி நின்னவன், "அத்தான், குதிகால்ல மட்டும் கொஞ்சம் நில்லுங்க, பாப்போம்"னான்.

"நான் என்ன சர்க்கஸ் கூடாரமா வச்சிருக்கேன்?"

"நில்லுங்களேன்."

வலது முன்பாதத்தைத் தூக்கிக் காட்டினேன், நல்லா நின்னுச்சு. இடது கால் முன்பாதம் தரையை விட்டு எழும்பல. மங்கை அப்பத்தான் தரையைத் துடைச்சிருந்தா, ஈரம், வழுக்குது.

"நாளைக்குக் காலையில வண்டி எடுக்குறேன். தஞ்சாவூர் போயிட்டு சாயங்காலமே வந்துடலாம். காப்புக் கட்டிட்டா அப்புறம் தேர் நிலைக்கு வர்ற வரைக்கும் எல்லை தாண்ட முடியாது. தெரியும்ல?"

"எனக்குத் தெரியாததை நீ சொல்ல வந்துட்டியா? உனக்கு முன்னாடி பத்துத் தேர் பாத்தவன்டா நான். பயமா இருந்தா சொல்லு, வேற ஆளைப் பாத்துக்கிறேன்."

பட்டுன்னு முகம் சுருங்கிப் போச்சு. "எனக்குப் பயம் உண்டுதான் அத்தான்"னு சொல்லிட்டு, காபி கூடக் குடிக்காம போயிட்டான். நான் கொஞ்சம் அதிகமாத்தான் பேசிட்டேன். ஆனா அவனும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.

ஏப்ரல் 1, செவ்வாய்

கொடி ஏறிடுச்சு. காப்புக் கட்டியாச்சு. இனி ஊர் எல்லையில இருக்கிற வெட்டாத்துப் பாலம் தாண்டக் கூடாது. கட்டைக்காரன் காப்போட எல்லை தாண்டினா தேர் அசையாதும்பாங்க.

குருக்கள் மஞ்சள் கயித்தை எடுக்கும்போது மங்கை கூட்டத்தைத் தள்ளிக்கிட்டுப் பக்கத்துல வந்தா. "இதைக் கட்டுறதுக்கு முன்னாடி என்கிட்ட சொல்ல வேண்டியது ஏதாவது இருக்கா?"

"ஒன்னுமில்ல."

கையை நீட்டுனேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

கட்டைங்களை இறக்கி எண்ணெய் போட்டோம். டிராக்டர் டிரெய்லரை உருட்டவிட்டு ஒத்திகை. இந்த வருஷம் கட்டை புளியமரம், நல்ல கனம். முதல் தடவை சரியா விழுந்துச்சு. ரெண்டாவது தடவை கட்டையைச் செருகிட்டுக் காலை எடுத்தேன். எடுத்தேன்னுதான் நெனச்சேன். கால் அங்கேயே கிடக்குது. நான் மல்லாக்க விழுந்தேன், திருஞானம் துண்டோட என் மேல வந்து விழுந்தான். டிரெய்லர் கட்டையில ஏறி நின்னுடுச்சு. தேரா இருந்திருந்தா கட்டையையும் நகத்திக்கிட்டுத்தான் நின்னிருக்கும்.

அவனுக்கு முழங்கை பேந்து ரத்தம். எனக்கு ஒன்னுமில்ல. கல் தடுக்கிடுச்சுன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன்.

எல்லாரும் போனப்புறம் அந்தக் கல்லைத் தேடிப் பாத்தேன். யாரோ எடுத்துப் போட்டிருப்பாங்க.

ஏப்ரல் 7, திங்கள்

காலையிலேர்ந்து ஒன்னுக்கு சரியாப் போகல. இந்த வெயில்ல வேர்வையாவே போயிடுது போலிருக்கு. சைக்கிள்ல உக்காந்தா சீட்டு இருக்கா இல்லையான்னே தெரியல. தலையணை மேல உக்காந்த மாதிரி இருக்குது. கொப்புளம் ஆறிட்டு வருது.

வலி: இல்ல. சுத்தமா இல்ல.

ஏப்ரல் 8, செவ்வாய்

நாளைக்குத் தேர்.

வயிறு பானை மாதிரி உப்பியிருக்கு. கொல்லைக்குப் போய்ப் போய் நிக்கிறேன், வரல. தண்ணி குடிக்காம இருந்து பாக்குறேன். மங்கை மோர் கொண்டாந்தா, வேண்டாம்னேன். "ஏன்?"னா. நேத்துலேர்ந்து அவ என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்கா. டாக்டரம்மா வாசல்ல நின்னு சொன்னது காதுல கேட்டுக்கிட்டே இருக்குது. நாளைக்கு ஒரு நாள். ஒரே ஒரு நாள். தேர் நிலைக்கு வந்துட்டா நானே ஓடிடுவேன்.

மதியம் தேரடிக்குப் போனேன். திருஞானம் சக்கரத்துக்கிட்டக் குந்தியிருந்தான். துண்டோட முனையை மணிக்கட்டுல கட்டிக் கட்டிப் பாத்துக்கிட்டு இருந்தான். வழக்கமா அதை ரெண்டு சுத்து சும்மாச் சுத்திப் பிடிச்சுக்குவோம். ஏடாகூடமா ஏதாவது ஆனா கையைத் திறந்தாப் போதும், பிடிக்கிறவன் தப்பிச்சுக்குவான். அதுக்குத்தான் அப்படி. இவன் என்னடான்னா பல்லால இழுத்து முடிச்சுப் போடுறான். மாட்டைக் கட்டுற முடிச்சு.

"என்னடா இது? அவுக்க முடியாதே!"

"அதுக்குத்தான் அத்தான்."

"பைத்தியக்காரா, நான் விழுந்தா நீயும்ல உள்ள வந்துடுவ?"

"உங்களை விட்டுட்டு வந்து அக்கா மூஞ்சியில முழிக்கிறதுக்கு அது தேவலாம்." முடிச்சைப் பாத்துக்கிட்டேதான் பேசினான். "நீங்க விழுவீங்கன்னு எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். கேட்டா திட்டுவீங்க. அதான் கட்டிப் பாக்குறேன். கட்டிட்டா தைரியமா இருக்கு."

பெரிய சக்கரம், என் உயரத்துக்கு மேல, பக்கத்துல சும்மா நின்னுச்சு. அவன் பொண்டாட்டி முகம் ஞாபகம் வந்துச்சு. அவனைப் பாத்துப் பயந்தவன்னு சொன்னேனே, அந்த நாக்கை அறுக்கணும்.

அங்கயே மண்ணுல உக்காந்துட்டேன். உக்காந்ததே தெரியல. அதைத்தான் முதல்ல சொன்னேன். "ஞானம், உக்கார்ற இடத்துல உணர்ச்சியே இல்லடா. நேத்துலேர்ந்து ஒன்னுக்கு வரல. டாக்டரம்மா முன்னாடியே சொன்னாங்க, அன்னிக்கே தஞ்சாவூருக்கு ஓடிடணும்னு."

அவன் எழுந்து ஓடுனான். கொஞ்ச நேரத்துல வேனும் மங்கையும் வந்தாங்க. அவ என்னைத் திட்டுவான்னு இருந்தேன். செருப்பு வாரை மாட்டி விட்டு, "ஏறுங்க"ன்னா. அவ்வளவுதான்.

மதியத்துக்கு அப்புறம் நடந்தது மட்டும் ஆஸ்பத்திரியில படுத்துக்கிட்டே எழுதினது.

ஏப்ரல் 12, சனி

இன்னிக்குத்தான் சாஞ்சு உக்கார விட்டாங்க. விட்ட இடத்துலேர்ந்து எழுதுறேன்.

வெட்டாத்துப் பாலத்துக்கிட்ட வந்ததும் வண்டியை நிறுத்துன்னு கத்தினேன். கையில காப்பு. அதோட எப்படித் தாண்டுறது? நான் செத்தாலும் பரவாயில்ல, நாளைக்கு ஊர்த் தேர் நின்னு போனா என் குடும்பத்தைத்தான் ஏழு தலைமுறைக்கும் சொல்லுவாங்க. இறங்குறேன்னு கதவைத் திறந்துட்டேன். இடது கால் மடங்கிப் பாலத்து முனையிலயே விழுந்தேன். வயித்து நோவுல கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு.

மங்கை இறங்கி வந்தா.

"எது தாண்டக் கூடாது? நீங்களா, காப்பா?"

"காப்போட ஆளு."

"அப்ப காப்பு இங்கேயே இருக்கட்டும்."

என் கையைப் பிடிச்சு மஞ்சள் கயித்தைப் பல்லால கடிச்சு முடிச்சை அவுத்தா. ஐயோ வேண்டாம்டின்னேன். பூசை போட்டுக் கட்டுனதுடின்னேன். "பாவம் எனக்கு வரட்டும்"னா. எல்லை வரைக்கும் வேன்ல கூட வந்த திருஞானத்தைக் கூப்பிட்டு, அவன் காப்புக்கு மேலயே என் காப்பையும் கட்டினா. "இவரோட கட்டையை நாளைக்கு நீ போடு. முடிச்சுப் போடாத ஆளாப் பாத்துத் துண்டைக் கொடு"ன்னா. தம்பி அக்கா காலைத் தொட்டான். அவன் ஊர்ப் பக்கமே நின்னுக்கிட்டான், டிரைவர் வண்டியை எடுத்தான். நான் திரும்பிப் பாத்துக்கிட்டே வந்தேன். பாலத்து முனையில அவன் ரெண்டு காப்போட கையைத் தூக்கிக்கிட்டே நின்னான்.

ஆஸ்பத்திரிக்கு வந்ததும் குழாய் போட்டு, தேங்கின ஒன்னுக்கை எடுத்தாங்க. அப்பாடான்னு இருந்துச்சு பாருங்க, அதைச் சொல்ல வார்த்தை இல்ல. ஸ்கேன் எடுத்து, அன்னிக்கே முதுகைத் திறந்துட்டாங்க. பிதுங்கின சவ்வு, காலுக்கும் மத்ததுக்கும் போற நரம்புக் கத்தை மொத்தத்தையும் நசுக்கிக்கிட்டு இருந்துச்சாம். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா ஆயுசுக்கும் குழாய்தான்னாங்க. வலி குறைஞ்சதே நரம்பு சாக ஆரம்பிச்சதாலதானாம். நான் குணமாகுதுன்னுல நெனச்சேன்!

எல்லாம் முழுசாத் திரும்ப வருமான்னு கேட்டேன். "ஒன்னுக்கு வந்துடும்னு நம்புறோம். பாதம் சொல்ல முடியாது. பொறுத்துப் பாக்கணும்"னு சொன்னாங்க. முன்னாடின்னா எதிர்த்துப் பேசியிருப்பேன்.

தேர் ஓடிச்சு. ஒன்பதாம் தேதி திருஞானம் போன் பண்ணி மங்கை காதுல சொன்னான், அவ எனக்குச் சொன்னா. எங்க சித்தப்பா மகன், எல்லை தாண்டினவன் மச்சான் கட்டையைத் தொடக் கூடாதுன்னு சண்டைக்கு வந்தானாம். திருஞானம் கையைத் தூக்கி ரெண்டு காப்பையும் காட்டி, "எண்ணிக்கோ, எதுவும் தாண்டல"ன்னானாம். தெற்கு வீதி முக்குல தேர் நாலு விரல் அகலம் விலகி வந்துச்சாம், அவன் போட்ட கட்டையில திரும்பிச்சாம். கேட்டுட்டு மூஞ்சியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கிட்டேன். கேவலமா அழுதேன். சந்தோசமா பொறாமையான்னு கேட்டா ரெண்டும்தான்.

ஏப்ரல் 20, ஞாயிறு

வீட்டுக்கு வந்துட்டோம். குழாயை எடுத்துட்டாங்க. தானாப் போகுது. இதுக்கெல்லாம் ஒருத்தன் கோயிலுக்கு வேண்டிக்குவான்னு சொன்னா முன்னாடி சிரிச்சிருப்பேன்.

முட்டிக்குக் கீழ ஒரு பிளாஸ்டிக் பட்டை போட்டிருக்காங்க, பாதம் தொங்காம இருக்க. வாக்கர் பிடிச்சு வாசல் ஏறினேன். என் கால் இழுத்துக் கோலத்துல அதே கோடு விழுந்துச்சு. பக்கத்து வீட்டம்மா ஆட்டைப் பிடிச்சுக்கிட்டு அவங்க வாசல்ல நின்னு பாத்தாங்க. பாத்துக்கிட்டுப் போகட்டும். ஆட்டுக்குத்தான் மன்னிப்புக் கேக்கணும்.

சாயங்காலம் மங்கை கட்டில் ஓரத்துல உக்காந்து என் இடது காலை மடியில எடுத்து வச்சிக்கிட்டா. கண்ணை மூடிக்கச் சொன்னா.

"தெரியுதா?"

வாய் வரைக்கும் "தெரியுது" வந்துடுச்சு. பழக்கதோசம்.

"தெரியல"ன்னேன்.

"இங்க?"

"தெரியல மங்கை. எங்க தொடுறேன்னே தெரியல."

கண்ணைத் திறந்தா அவ அழுதுக்கிட்டு இருந்தா. தண்ணி அண்டாவுலேர்ந்து காலை இழுத்தப்பக் கூட அழாதவ. முந்தானையால மூக்கைத் துடைச்சுக்கிட்டு, "மூடுங்க கண்ணை, இன்னும் முடியல"ன்னு அதட்டினா. விரல் விரலா, புறங்கால், உள்ளங்கால்னு போனா போலிருக்கு. ரொம்ப நேரம் நான் தெரியல, தெரியலன்னே சொல்லிக்கிட்டு இருந்தேன். திடீர்னு "ஆ"ன்னேன்.

"எங்க?"

"குதிகால்ல. உள்பக்கம்."

"நெஜமா? எனக்காகச் சொல்லாதீங்க."

"சத்தியமாடி. கிள்ளிப் பாரு."

கிள்ளினா. நகம் பதியிற மாதிரி. வலி உச்சி மண்டைக்கு ஏறிச்சு. இன்னொரு தடவைன்னேன், இன்னொரு தடவை கிள்ளினா. டைரியை எடுத்துட்டு வரச் சொன்னேன்.

டாக்டரம்மா எழுதச் சொன்ன மாதிரியே எழுதுறேன்.

இன்னிக்கு வலி: இடது குதிகால், உள்பக்கம். எப்ப: விளக்கு வைக்கிற நேரம். எப்படி: மங்கை கிள்ளினது.